நாயைத் தொடாதவன் கொடுத்த ரத்தம்

நோயில்லாத மனிதன் என்று ஓர் உத்தியோகம் உண்டு. எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், அந்த உத்தியோகத்தை நான் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தனிச் சம்பளம் கிடையாது. முழங்கையை நீட்டினால் போதும். நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழு மனிதனுக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு புதிய ரத்தச் சோதனை வந்திருந்தது. புழு புகாதவனின் ரத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமாக என் ரத்தத்தை வைத்தார்கள். எனக்குள் அந்தப் புழு இருந்தது.

இதை ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதுகிறேன் என்பதைக் கவனியுங்கள். வேலையில் இருக்கும்போதே எழுதிவிடும் அளவுக்கு அந்தப் புழு என் மூளையைக் கெடுக்கவில்லை.

போன மாதம் பழைய ஆய்வுக்கூடத்தில் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். இப்போது எல்லாம் இயந்திரம். ஒரு பக்கம் ரத்தத்தை வைத்தால் மறுபக்கம் காகிதம் வருகிறது. "நார்மல் சாம்பிள் யாரோடது?" என்று கேட்டேன். "பெட்டியில வருது அங்கிள், ஜெர்மன்காரனோ யாரோ. முன்னெல்லாம் எங்கேருந்து வாங்குவீங்க?" என்றாள் அங்கிருந்த பெண். நான் தட்டிலிருந்த கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்ததால் அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்கிறேன்.

படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவம் படிக்க மதிப்பெண் போதவில்லை. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் என்றார்கள். என் அப்பா அதை ஆராய்ச்சி என்று புரிந்துகொண்டு, சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்தார். பயிற்சியின் பெரும்பகுதி மைலோ டின்களில் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து நோயாளிகள் ஆஸ்பத்திரிக் குப்பியை நம்ப மாட்டார்கள்; தங்கள் மலத்துக்கு அது சிறியது என்று நினைத்தார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தலைமைத் தொழில்நுட்பர் ஹமீது சார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். மூன்று அண்ணன்கள் கடையில் உட்கார்ந்துவிட்டதால் நான்காவது பிள்ளைக்கு இடமில்லாமல் போய், அவர் ரத்தம் பார்க்க வந்தார். ஆனால் கடை அவரை விடவில்லை. கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்புவார். நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன்பே, "இது சாயம் போயிருக்கு, வேற போடு" என்பார். வைத்த பிறகு நேரே நடுவுக்குப் போக மாட்டார். "ஓரத்தைப் பாரு. நடுவுல எல்லாத் துணியும் நல்லாத்தான் இருக்கும்." அதில் விஷயம் இருந்தது. ரத்தத்தைத் தடவும்போது பெரிய அணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். நடுவை மட்டும் எண்ணுகிறவன் ஏமாறுவான்.

அவர் திட்ட மாட்டார். கேள்வி கேட்பார். பதில் வரும்வரை பக்கத்திலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலை படியாத வாடிக்கையாளர் முன் நிற்பது போல நிற்பார். திட்டியிருந்தால் தேவலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்போது நானும் என் மனைவி சரசுவும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் செல்லத்துரை அங்கிளும் அவர் மனைவி பாக்கியம் ஆன்டியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிள் ரயில்வேயில் சிக்னல் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். வார நாட்களில் சாதாரண மனிதர். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நடுவர். வெள்ளைக் கோட்டை ஆன்டி சனிக்கிழமையே தேய்த்துத் தொங்கவிட்டுவிடுவார். அந்தக் கோட்டுக்குள் போனதும் அவருக்கு இரண்டங்குலம் உயரம் கூடிவிடும். ரயில்வேக்கு நாற்பது வருடம் கை காட்டியவர் ஓய்வுக்குப் பிறகும் கை காட்டுவதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டார் என்பது என் ஆராய்ச்சி. என் அப்பா சொன்னது முழுப் பொய்யில்லை.

வீட்டின் பின்னால், சாக்கடையை ஒட்டிய ஈர மண்ணில், அங்கிள் வல்லாரைப் பாத்தி போட்டிருந்தார். தினமும் காலையில் ஒரு பிடி பறித்து, பச்சையாகவே அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பலாக்கிச் சாப்பிடுவார். பதவி உயர்வுத் தேர்வுக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்து புழுக்களின் லத்தீன் பெயர்களை உருப்போட்டதைக் கேட்டுவிட்டு ஒருநாள் கிண்ணத்தோடு வந்தார்.

"தம்பி, ஒரே பேரை எத்தினை தரம் சொல்லுறீர்? இதைச் சாப்பிடும். மூளைக்கு நல்லது, நரம்புக்கு அதைவிட நல்லது."

"கழுவியாச்சா அங்கிள்?"

"ஒருக்கா அலசினது. கனக்கக் கழுவினா குணம் போயிடும்."

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். நான் சாப்பிட்டேன். மறுநாள் இரண்டு பெயர்கள் கூடுதலாக நினைவிருந்தன. அதன் பிறகு தினமும் கிண்ணம் மாடிக்கு வந்தது. சரசு மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, "கசக்குது. எனக்கு இருக்கிற ஞாபகமே போதும்" என்று ஒதுங்கிவிட்டாள். என் சம்பந்தமான பழைய விஷயங்களில் அவளுக்கு இருந்த ஞாபகம் உண்மையில் போதுமானதுதான்.

தேர்வில் தேறினேன். அந்தச் சமயத்தில்தான் புதிய சோதனை வந்தது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் புழுவின் வீடு நாயின் குடல். முட்டை நாயின் மலத்தோடு மண்ணுக்கு வந்து, சில வாரம் கிடந்து முதிரும். மனிதன் அதை விழுங்கிவிட்டால் உள்ளே குஞ்சு பொரிக்கும். ஆனால் அது வளராது, முட்டையிடாது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்ட பயணி போல ஈரல், நுரையீரல் என்று அலையும். சில பேருக்கு மூளைக்கோ முதுகுத்தண்டுக்கோ போய்ச் சேரும். வலிப்பு வரலாம், கால் விளங்காமல் போகலாம். பலருக்கு ஒன்றுமே ஆகாது. முட்டையிடாத புழுவை மலத்தில் தேடி என்ன பயன்? மைலோ டின் இங்கே செல்லாது. ரத்தத்தில், அந்தப் புழுவை எதிர்க்க உடம்பு தயாரித்த பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. பணியாரச் சட்டியைச் சுருக்கியது போல வரிசை வரிசையாகச் சிறு குழிகள். குழிகளில் புழுவின் சாரம் பூசியிருக்கும். அதில் ரத்தத்தின் தெளிநீரை விட்டு, கழுவி, மருந்து விட்டு, கழுவி, கடைசியில் சாயம். நோய் இருந்தால் மஞ்சள். இல்லையென்றால் தண்ணீர் நிறம். மஞ்சளின் அழுத்தத்தை ஓர் இயந்திரம் எண்ணாகச் சொல்லும். நோய் உள்ளவரின் மாதிரி வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் கூடவே வந்தது. நோயில்லாத மாதிரியை உள்ளூரில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"யாரு?" என்று ஹமீது சார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவர் வீட்டில் அல்சேஷன். ஒருவர் வீட்டில் பெயர் தெரியாத ஜாதியில் மூன்று. "நான் நாயைத் தொடுறதில்ல. ஆனா வீட்ல அஞ்சு பூனை. பூனைக்கும் இதே குடும்பத்துல ஒரு புழு இருக்கு, நான் சரிப்பட மாட்டேன்" என்று தன்னையும் கழித்துக்கொண்டார்.

அப்போதுதான் கையைத் தூக்கினேன். எனக்கு நாய் என்றால் பயம். நாய் படுத்திருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகப் போகிறவன். வாழ்நாளில் ஒரு நாயைக்கூடத் தொட்டதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கோழைத்தனம் ஒரு தகுதியாக மதிக்கப்பட்டது எனக்கு அதுவே முதல் தடவை. ஒரு குப்பி ரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்து, சின்னச் சின்னக் குழாய்களில் உறைய வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 'நார்மல்' என்று நானே ஒட்டினேன்.

அதற்குள் கீழ்வீட்டில் செருப்புத் தொலைய ஆரம்பித்திருந்தது. அங்கிள் இரண்டு செருப்போடு கடைக்குப் போய் ஒன்றோடு வருவார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. "கவனம் எங்க வச்சிருக்கிறியள்?" என்று ஆன்டி சத்தம் போட, நரம்புக்கு நல்லதென்று அங்கிள் சம்பலை இருமடங்காக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்து அவர் பாதத்தின் மேல் ஏறி உருண்டு போனது. ஆட்டக்காரர்கள் "சாரி அங்கிள்" என்றபோது எதற்கு என்று கேட்டார். அடுத்த வாரம் படியேற முடியவில்லை. அதற்கடுத்து மூத்திரம் கட்டிக்கொண்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

முதலில் பார்த்தவர்கள் குடியா என்று கேட்டார்கள். ஒருவர் கேட்டால் பரவாயில்லை. வரிசையாக மூன்று பேர். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் படுக்கையில் கொதித்தார். ஆன்டி என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். கிரிக்கெட்டெண்டு கிளப்புக்குப் போறவர். அங்க வேற ஏதும் பழக்கமோ?"

"இல்ல ஆன்டி. டீதான்."

"டீயில காலோ போகும்?"

வார்டில் டாக்டர் சோங் என்றொரு இளம் பெண் மட்டும் குடியை நம்பவில்லை. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரை வெறுமனே எண்ணாமல் சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அதில் இயோசினோஃபில் நிறைய. புழு நுழைந்தால் கூட்டம் கூடும் வெள்ளையணு வகை அது; முதுகு நீரில் அதற்கு வேலையே இல்லை. நாய்ப்புழுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினாள். புழு என்றால் மருந்து கொடுக்கலாம். இல்லையென்றால் வேறு ஏதோ முதுகுத்தண்டை நெருக்குகிறது என்று வைத்து, வியாழக்கிழமை முதுகைத் திறந்து பார்ப்பதென்று அறுவை நிபுணர் சொல்லிவிட்டார். திறந்த பிறகு நடப்பாரா என்பதற்கு அவர் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

தட்டை நானே ஓட்டினேன். நோயில்லாதவனின் குழியில் இயந்திரத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அங்கிளின் குழிக்கு வந்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். மறுபடி ஓட்டினேன். அதே பூஜ்யம். நோய் உள்ளவரின் மாதிரிகூட, பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்த எண்ணுக்கு ஏறவில்லை. சுபாங் விமான நிலையத்து வெயிலில் கெட்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'இல்லை' என்று எழுதி வார்டுக்கு அனுப்பிவிட்டு, படுக்கைக்கே போய் அங்கிளிடம் ஆறுதலாகச் சொன்னேன்.

"புழு இல்லை அங்கிள். நல்ல செய்தி."

"நல்ல செய்தியெண்டா ஏன் தம்பி முதுகை வெட்டப் போகினம்?" என்றார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "நிண்டு கொண்டு செய்யிற வேலை ஒண்டுதான் எனக்கு மிச்சம் இருந்தது" என்றார்.

புதன்கிழமை பிற்பகல் டாக்டர் சோங் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். முதுகு நீரில் அத்தனை இயோசினோஃபில் இருக்கும்போது இந்த 'இல்லை'யைத் தன்னால் நம்ப முடியவில்லை என்று ஹமீது சாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம். எண் எண்தானே.

ஹமீது சார் எண்ணைக் கேட்கவில்லை. "தட்டு இருக்கா?" என்றார். காலையில் மூன்றாம் தடவையாக ஓட்டியது இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை ஜன்னலோரத்தில் விரித்து, தட்டை அதன் மேல் வைத்து, குனிந்து பார்த்தார். துணிக்கடையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அப்படி.

"மணியம், இங்க வா லா. இந்த ரெண்டு குழியும் ஒரே துணியில கிழிச்ச மாதிரி இருக்கே. எது எது?"

பார்த்தேன். இரண்டும் மஞ்சள். "இது பேஷன்ட் சார். அது நார்மல்."

"நார்மல் ஏன் மஞ்சளா இருக்கு?"

"மெஷின் பூஜ்யம்னு சொல்லுது சார்."

"பூஜ்யம்னு மெஷினுக்கு யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"நார்மல் யாரு?"

"நான்தான் சார்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் தட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நோயில்லாதவனின் குழியை வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். என் ரத்தத்தையா பார்க்க வேண்டும், என்னைத்தான் எனக்குத் தெரியுமே என்று விட்டிருந்தேன். என் மஞ்சளைப் பூஜ்யமாக வைத்து, அதை அங்கிளின் மஞ்சளிலிருந்து கழித்ததில் அவருக்கு மிஞ்சியது பூஜ்யம்.

"விரலைக் குடு" என்றார்.

ஒரு சொட்டு எடுத்துத் தடவி, சாயம் போட்டு, தானே பார்த்தார். ஓரத்திலிருந்து தொடங்கினார். பிறகு நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடி போன்ற உட்கரு, ஆரஞ்சு நிறப் பொடி தூவினாற்போன்ற உடல். இயோசினோஃபில்கள் திருவிழாக் கூட்டமாக நின்றன. வாழ்க்கையில் அத்தனை அழகான ஸ்லைடை நான் பார்த்ததில்லை. வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் பயிற்சி மாணவர்களுக்குக் காட்டியிருப்பேன்.

"நாயைத் தொட்டதில்ல?"

"இல்ல சார்."

"அந்த அங்கிளும் நீயும் ஒண்ணா எதைத் தொட்டீங்க?"

வல்லாரை என்று சொல்லும்போதே எனக்குப் பின்பக்கத்து ஜன்னல் காட்சி கண்முன் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெட்டை நாய் வருஷா வருஷம் அந்தச் சாக்கடையோரத்தில்தான் குட்டி போடும். குட்டிகள் வெயிலுக்கு வல்லாரைப் பாத்தியில்தான் புரளும். தினமும் மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்வாசல் வழியாக இறங்கலாமா, முன்வாசலா என்று முடிவு செய்வதற்காக.

"குட்டிங்க வயித்துலதான் அந்தப் புழு நெறைய" என்றார் ஹமீது சார். "சரி, இனிமே ஒரு ஆளை நம்பி நார்மல் வைக்காதே. உன்ன மட்டுமில்ல, யாரையும்."

ரத்த வங்கிக்குப் போய்ப் பல பேருடைய தெளிநீர் வாங்கிவந்தார். இயந்திரத்தை இந்தத் தடவை யார் ரத்தமும் விடாத குழியில் பூஜ்யத்தில் நிறுத்தினோம். தட்டு முடிய மாலையாகிவிட்டது. ரத்த தானக்காரர்களின் குழிகள் வெளிறி நின்றன. வெளிநாட்டு மாதிரி காகிதத்தில் சொன்ன எண்ணைத் தொட்டது. சுபாங் வெயில் நிரபராதி. நடுவில் இரண்டு குழிகள் மட்டும் நல்ல மஞ்சள், அங்கிளும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். அதற்கு முன் சோதித்திருந்த சில பேரின் மாதிரிகளையும் அன்றே ஓட்டினோம். அவை வெளிறியே இருந்தன. அன்று எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அது.

ஹமீது சார் வார்டுக்குத் தொலைபேசியில் பேசினார். "டாக்டர், எங்க பக்கம் தப்பு. புழுதான்" என்றார், அவ்வளவுதான். யார் தப்பு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமைக் கத்தி உறைக்குள் போனது. புழு மருந்தும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் ஆரம்பித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் மூளைக்குள் புழு இருக்கலாம் என்றேன். போன மாதம் குடையை பஸ்ஸில் விட்டது, மாமனார் பெயரை மறந்தது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நோய் வரலாறு தயாரித்திருந்தேன்.

"எங்கப்பா பேரைக் கல்யாணத்தன்னைக்கே மறந்தீங்க" என்றாள். "அப்ப நீங்க வல்லாரையே சாப்பிடல."

மறுநாள் டாக்டர் சோங் என்னைத் தட்டிப் பார்த்து, கண்ணை மூடி நிற்கச் சொல்லி, நேர்க்கோட்டில் நடக்க வைத்தாள். மருந்து எழுதுவாள் என்று காத்திருந்தேன். உனக்கு ஒன்றுமில்லை, மருந்தும் வேண்டாம், கீரையைக் கழுவி வேகவைத்துச் சாப்பிடு என்றாள். உயில்கூட யோசித்து வைத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அங்கிளுக்குக் கால் உடனே வரவில்லை. பாக்கியம் ஆன்டி தினமும் ஓர் ஈர்க்குச்சியோடு வருவார். போர்வையை விலக்கி, உள்ளங்காலில் கோடு இழுப்பார்.

"தெரியுதோ?"

"தெரியேல்ல."

மறுநாள் மறுபடி. நான் உணவு இடைவேளையில் போய் நிற்பேன். அவர் 'தெரியேல்ல' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டு எனக்கு ஞாபகம் வரும். நான் வீணாக்கிய நாட்கள் அவருடைய காலிலிருந்து எடுத்தவை. நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப உமக்கும் இருக்குதோ? சம்பலில நான் உமக்குக் கொஞ்சமாத்தானே தந்தனான்" என்றார், ஏதோ தன் பங்கை நான் திருடிவிட்டது போல.

ஒருநாள் ஆன்டி கோடு இழுத்ததும், "கூசுது, விடுமப்பா" என்று காலை இழுத்தார். இழுத்தது கால்தான். ஆன்டி ஈர்க்குச்சியைக் கைப்பைக்குள் வைத்து மூடிவிட்டு, நெடுநேரம் அந்தப் பையின் கொக்கியைப் பூட்டிக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கும் ஒரு ஜன்னல் கிடைத்தது.

அவர் மறுபடி வெள்ளைக் கோட்டுப் போடப் பல மாதங்களாயின. முதல் ஆட்டம் கிள்ளானில். ஆன்டியும் நானும் கூடப் போனோம். ஆட்டம் முழுவதும் நின்றார். கால் மாற்றி நின்றார், சில தடவை தடுமாறினார், உட்காரவில்லை. மணிக்கட்டு அசையாமல் விரலை உயர்த்தி ஒருவனைக் காலில் பந்து பட்டதற்கு ஆட்டமிழக்கச் செய்தபோது நான் மட்டும் எழுந்து கை தட்டினேன். மனதுக்குள் அந்தக் கைதட்டலில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தேன்.

ஆட்டமிழந்த பையன் மட்டையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். கதை அவனுக்கும் தெரிந்திருந்தது.

"நீங்கதானே அங்கிளுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணி நடக்க வச்சது, பாஸ்?"

தலையைக் குனிந்து அடக்கமாக ஆமாம் என்றேன்.

"பந்து மட்டையிலதான் பட்டுச்சு. கண்ணுக்கும் ஏதாவது டெஸ்ட் இருந்தா கையோட பண்ணி விட்டுருங்க லா."